பழவேற்காட்டுக்கு ஒருநாள்

கிறிஸ்மஸ் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பங்குகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. குடும்பங்கள் சில சேர்ந்து ஒருநாள் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் என்ன? மெரினாவும் சாந்தோமும் நமக்குப் பழகியவை. மாமல்லபுரத்திலோ அந்நாட்களில் கால் வைக்க இடமிராது. ஆகவே இம்மாதம் பழவேற்காட்டைப் பரிந்துரைக்கிறோம். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதற்காகவே எழுத முற்பட்டோம் என்றாலும் பொருந்தும்.

ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவு. வேன் வைத்துக்கொள்வோர் செங்குன்றம், பொன்னேரி வழியாகச் செல்லலாம். ரயிலை விரும்புவோர் பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரியில் இறங்க வேண்டும், அங்கிருந்து பேருந்து. பூந்தமல்லிக்காரர்களுக்கு வேனே உசிதம். எவ்வழியாயினும் விடியற்காலையில் புறப்படுங்கள். படகுகள் கரை சேர்ந்து இறாலும் நண்டும் ஏலம் போவதைக் காண வேண்டுமானால், பத்து மணிக்குப் போய் நின்று பயனில்லை.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இந்நீர்ப்பரப்பு முழுவதும் பாய்மரப் படகுகளாய் இருந்தது. ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகு அப்படகுகளில் ஏறிப் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து சென்னை அடுப்புகளில் எரிந்தது. இன்று அதே ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது! படகுகளில் இயந்திரம் ஏறிவிட்டது. கார்த்திகை முதல் மாசி வரை வரும் பூநாரைகள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை.

ஊரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் சொல்லிவிடுங்கள்; சொல்லாமல் அழைத்துப் போனால் புதர் மண்டிய மண்மேட்டைத்தான் காண்பார்கள். அந்த மேடுதான் ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கெல்திரியா கோட்டை. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இங்கு நெய்த கட்டம்போட்ட துணி கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறியது. மலாய்க்காரர் தம் கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்று இவ்வூர்ப் பெயராலேயே அழைக்கின்றனர். துணியோடு மனிதரும் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். சாம்பல் புதன் மறையுரையைக் காட்டிலும் அது பிள்ளைகள் நெஞ்சில் தங்கும்!

ஒல்லாந்தருக்கு முன்பே வந்தவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் 1515-இல் நிறுவியதாக வழங்கும் மகிமை மாதா ஆலயத்தில் திருப்பலிக்குப் பின் ஊரைச் சுற்றுவது நல்ல ஏற்பாடு. பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். நடுவூர் மாதாகுப்பத்தின் பெயரே அங்குள்ளோரின் விசுவாசத்தைச் சொல்லும். அக்குப்பமும் கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் ஏரியைப் ‘பாடு’ என்னும் முறையால் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று முறை வைத்து வலையிடுகிறார்கள். எழுதப்பட்ட சட்டத்தைவிட ஊர்க் கட்டுப்பாடே இதைத் தாங்கி வருகிறது. சுற்றுலா வந்தவர்களாக அன்றி விருந்தினராகச் சென்று கேட்டால், வலை பிரிப்பவர்கள் இதைப் பொறுமையாய் விளக்குவார்கள்.

இனி எச்சரிக்கை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்மஸ் நாள். ஞாயிற்றுக்கிழமை. உல்லாசப் பயணம் வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். நாம் குடில் முன் பாடிக்கொண்டிருந்த நாளில் அவ்வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. அதன்பின் அதிகாரிகள் படகுச் சவாரிக்குத் தடை விதித்தனர்.

ஆயினும் கரையில் நின்றால் ஆசை விடாது. தண்ணீர் முழங்கால் அளவுதானே என்பார்கள். பெரும்பகுதி ஆழமற்றது என்பது உண்மையே. ஆனால் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையானது. மணல் திட்டு இடம் மாறும். நேற்றைய வழி இன்று இராது. மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் ஏற்பட்டது. இருபதுபேர் நெருக்கி அமர்ந்து, பறவையைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால், எந்தக் கைதேர்ந்த மீனவராலும் அதைச் சமன் செய்ய இயலாது. மீனவரைக் குறைகூறிப் பயனில்லை. கூலி கொடுத்துக் கெஞ்சி ஏறுபவர்கள் நாம்தான். மாதா காப்பாள் என்று சொல்லி ஏறுவோரும் உளர். ஆண்டவரே அமர்ந்திருந்த படகிலும் தண்ணீர் ஏறியது என்பதை அவர்கள் நற்செய்தியில் மீண்டும் படிக்கட்டும்.

ஆகவே வேன் பேசும் முன்பே, படகேறுவதில்லை என்று எல்லா வீட்டாரும் ஒப்புக்கொள்ளுங்கள். உரிய அனுமதியும் ஆளுக்கொரு மிதவை உடையும் இருந்தாலன்றி இம்முடிவை மாற்ற வேண்டாம். கரையில் வைத்து விவாதித்தால் இளைஞர்களே வெல்வார்கள். கடற்கரையிலும் முகத்துவாரப் பக்கம் குளிக்க இறங்காதீர்கள். சிறுவர் நால்வருக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பு ஒப்படையுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் எவரும் பார்ப்பதில்லை.

மதிய உணவும் குடிநீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இவ்வூர்ப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகள் அழகானவை, விலை பேசிக் குறைக்காமல் வாங்குங்கள். கருவாடு வாங்குவோர் இரண்டு சுற்றுத் தாளில் இறுகக் கட்டி வேனின் பின்பக்கம் வைப்பது, ஆவடி வரை உடன் வருவோருக்குச் செய்யும் பிறரன்புச் செயல்.