இருதயத் துடிப்பு தப்புகிறதா? தூக்கத்தையும் சோதிக்க வேண்டும்

ஜொகூர் பாரு - விடியற்காலை 4 மணிக்கே எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஜொகூரில் ஏராளம். கூலாய், குளுவாங் தோட்டப்புறங்களிலும் இருட்டோடு வேலை தொடங்குகிறது. பகலில் கண் அசந்தால் 'வேலைக் களைப்பு' என்று விட்டுவிடுகிறோம். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொள்கிறது.

இந்நோயில் தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சு 10 விநாடி அல்லது அதற்கு மேல் தடைபடும். மணிக்கு 30 முறை நேர்ந்தால் அது கடுமையான நிலை. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' நோயை இது தூண்டக்கூடும். அந்த நோய் பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது.

இரண்டு நோய்களுக்கும் உடல் பருமன் முக்கியக் காரணம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். பருமனில் இந்தியர்களே முன்னணியில் உள்ளனர்.

"எனக்குப் பகலில் தூக்கம் வருவதில்லையே" என்று இருந்துவிடவும் முடியாது. இத்துடிப்புக் கோளாறு உள்ள பலருக்கு, மூச்சுத் தடை இருந்தும் பகல் தூக்கம் தெரிவதில்லை. அதனால்தான் அறிகுறிகளைக் கேட்கும் கேள்வித்தாளை மட்டும் நம்பிச் சோதிக்க வேண்டாம் என ஐரோப்பிய இருதயவியல் கழகம் 2024-இல் அறிவுறுத்தியது.

வீட்டுப் பரிசோதனை இங்கே கைகொடுக்கும். விரலில் உணரி, மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பட்டை ஆகியவற்றுடன் சொந்தக் கட்டிலிலேயே ஓர் இரவு உறங்கினால் போதும். ஆனால், சில கருவிகள் விரல் நாடித் துடிப்பை வைத்தே கணக்கிடுவதால், தாறுமாறான துடிப்பு அவற்றைக் குழப்பலாம். கடுமையான இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆய்வுக்கூடப் பரிசோதனையே உகந்தது என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி. வீட்டுச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என வந்தும் சந்தேகம் தீராவிட்டால், அங்கே செல்வதே சரி.

மூச்சுக்கு அழுத்தக் காற்று தரும் சிபேப் கருவி துடிப்பையும் சீராக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் அது பகல் அசதியைக் குறைக்கும். விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு அது உயிர் காக்கும் விஷயம். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். துடிப்புக் கோளாறுக்காகச் செல்வோர், தூக்கப் பரிசோதனைக்கும் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். இரவில் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்த துணையையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. உறங்குபவருக்குத் தெரியாததை அவர்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.