பார்த்துக்கொள்பவருக்கும் படி வேண்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒரு தொழிலாளியின் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கள்ளிக்குப்பம் பக்கம் மாடியில் வாடகைப் போர்ஷன். மகனுக்கு இருபது வயது, மூளை முடக்குவாதம். எழுந்து நிற்க முடியாது. டயப்பர் ஒன்று 30 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 2,700 ரூபாய். தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது. டயப்பருக்கே 700 ரூபாய் துண்டு விழுகிறது. மருந்தும், பிசியோதெரபியும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவும் அதற்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. மகனைப் பார்த்துக்கொள்ள எக்ஸ்போர்ட் கம்பெனி தையல் வேலையை விட்டுவிட்ட அம்மாவின் சம்பளம் அது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். புரையேறாமலிருக்கத் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, குழைத்த சோற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆஸ்பத்திரி நாளில், வளர்ந்த மகனை மாடிப்படியில் இறக்க அப்பாவும் லீவு போட வேண்டும், அன்றைய ஓ.டி.யும் போச்சு. இதே வேலைக்கு ஏஜென்சியில் ஆள் கேட்டால், சொல்லும் தொகை அப்பாவின் சம்பளத்தை விழுங்கிவிடும். அம்மா செய்வதால் அது இலவசம் என்று அரசு நினைக்கிறது. உண்மையில் அந்தக் குடும்பம் ஒரு முழுச் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டம் இந்த அம்மாவை மறந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கூலி வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் பெற்றோரையும் குடும்பத்தினரையும் 'பராமரிப்பாளர்' என்றே வரையறுக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. தமிழகத்திலும் அப்படிப்பட்டவர்களுக்கு உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடு இருக்கிறது. நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். அதைப் படி என்று சொல்ல யாருக்கும் வாய் கூச வேண்டும்.

பக்கத்து மாநிலங்களைப் பார்ப்போம். கேரளம் 2010-லேயே 'ஆஸ்வாசகிரணம்' என்று பராமரிப்பவருக்கெனத் தனித் திட்டம் கொண்டுவந்தது. எண்ணம் உயர்ந்தது, தொகை வெறும் 600 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் நிலுவை விழுகிறது என்று அங்கே ஓயாத புகார். ஆந்திரம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாயும், படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு 15,000 ரூபாயும் தருகிறது. ஆந்திரத்துக்கு இணையாகத் தா என்று இங்கே மறியல் செய்து கைதாகும் சங்கத்தின் பெயர், தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். பாதுகாப்போருக்கும் உரிமை உண்டு என்பதைச் சங்கம் பெயரிலேயே வைத்திருக்கிறது. அரசு இன்னும் கணக்கில் வைக்கவில்லை.

எஸ்டேட் தொழிலாளிக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். அவரே நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மகனுக்காக வீட்டில் இருந்தால் ஒரு பைசா கிடையாது. மத்திய அரசில் பணியாற்றும் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 730 நாள் உண்டு. பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால் வயது வரம்பும் இல்லை. மிஷினில் உட்கார்ந்து காலர் தைக்கும் தாய்க்கு அந்தச் சலுகை எட்டாக்கனி.

'பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தாய்க்குச் சம்பளமா?' என்ற கேள்வி வரும். பிரிட்டனிலும் வந்தது. 1976-இல் அங்கே பராமரிப்போருக்கு உதவித்தொகை தொடங்கியபோது, திருமணமான பெண்களை வெளியே நிறுத்தினார்கள். எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்பது வாதம். தன் தாயைப் பராமரிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986-இல் ஜெயித்த பிறகுதான் அந்தத் தடை ஒழிந்தது. நம் நாட்டில் 2024-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பெண்கள் நாளொன்றுக்கு 137 நிமிடமும் ஆண்கள் 75 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். இது பராமரிப்போர் எல்லோருக்குமான சராசரி. இருபது வயது மகனைத் தூக்கிச் சுமக்கும் வீட்டில் நிமிடக் கணக்கெல்லாம் செல்லாது.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்களில் முழுநேரமும் ஆள் துணை தேவைப்படுவோர் ஒரு பகுதியினரே. 2023 செப்டம்பரில் ஒரே வீச்சில் ஒரு கோடிக்கும் அதிகமான மகளிருக்கு உரிமைத்தொகை வழங்கத் தொடங்கிய கருவூலத்துக்கு இது மலையல்ல. பணம் இல்லை என்பதல்ல, முன்னுரிமை இல்லை.

இன்னொரு எதிர்ப்பு மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே வருகிறது. அதை ஒதுக்க முடியாது. பணம் பராமரிப்பவர் கைக்குப் போனால், தன்னை யார் பார்த்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை பறிபோகாதா என்கிறார்கள். நியாயமான அச்சம். சொல்லத் தெரிந்தவர் தன் பராமரிப்பாளரைத் தானே குறிப்பிடட்டும், விரும்பினால் மாற்றவும் வழி இருக்கட்டும். ஆனால் மாற்றுத்திறனாளியின் உதவித்தொகையும் பராமரிப்பவரின் படியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இன்று கிடைக்கும் சொற்பத் தொகைக்குள் இருவரும் அடங்க வேண்டியிருப்பதால்தான் ஒருவர் பங்கை மற்றவர் தின்கிறார்.

காசு மட்டும் கொடுத்தால் அந்த அம்மா வீட்டுக்குள்ளேயேதான் கிடப்பார். இலவசக் கல்வி உரிமை 18 வயதோடு முடிகிறது. அதன் பிறகு மகனுக்குப் போக்கிடம் நான்கு சுவர்தான். இவனைப் போன்றவர்களுக்கென உள்ள தேசியப் பன்முக மாற்றுத்திறன் நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து நகரின் மறுகோடி. மகனைத் தூக்கிக்கொண்டு தினமும் போய்வரும் தூரமா அது? மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்துக்குள்ளேயே, ஷிப்டு நேரத்துக்கு ஒத்துவரும்படி, வண்டி வசதியோடு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் வேண்டும். பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்குப் பூட்டும் மையத்தால் வேலைக்குப் போகும் எந்தத் தாய்க்கும் பயனில்லை. 'எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?' என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்களே, அதற்கான பதிலும் இப்படி ஒரு மையத்தில் அவனை நாலு பேருக்குப் பழக்கப்படுத்துவதில்தான் தொடங்க முடியும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் பராமரிப்பாளர் படிக்கென்று தனி ஒதுக்கீடு வர வேண்டும். அது குறைந்தபட்சக் கூலியில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. கூலி உயரும்போது தானாக உயர வேண்டும். பராமரிப்பவரின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் தவறாமல் விழ வேண்டும். யாருக்கு எவ்வளவு குறைபாடு என்ற விவரம் தனித்துவ அடையாள அட்டை வழியாக அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக மனு வாங்கி, அந்த அம்மாக்களை மறுபடியும் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிறுத்த வேண்டாம்.