சர்க்கரை இல்லை! ஆனால் வேறு என்ன இருக்கிறது?

"சர்க்கரை இல்லாத இனிப்பு!"

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருக்கிறது. பார்த்ததும் நம்பி வாங்கிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. "இனிச் சர்க்கரை கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தீபாவளி வந்தது. ஊரே இனிப்புத் தின்னும்போது மகள் மட்டும் சும்மா இருப்பதைத் தாயால் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போய், சர்க்கரை இல்லாத சாக்லேட் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். மகள் ஆசையோடு நாலைந்து துண்டு தின்றாள்.

அன்று இரவு முழுவதும் வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. மறுநாள் நாக்கு வறண்டு, தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள்.

"சர்க்கரையே இல்லையே! பிறகு ஏன் இப்படி?" என்று தாய் கலங்கினாள்.

பெயரில் மட்டும் ஆல்கஹால்

சர்க்கரைக்குப் பதிலாக அந்தச் சாக்லேட்டில் இருந்தது மால்டிட்டால். இதுபோல் சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் என்று பல உண்டு. இவற்றுக்குச் 'சர்க்கரை ஆல்கஹால்' என்று பெயர். பாலியால் என்றும் சொல்வார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது மது அல்ல, போதை தராது. விஷமும் அல்ல. பல்லைச் சொத்தையாக்காது என்ற நல்ல குணமும் உண்டு.

ஆனால் நம் குடல் இதை முழுவதும் உறிஞ்சுவதில்லை. மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. வாயு உண்டாகிறது. வயிறு உப்புகிறது. அளவு மீறினால் பேதி!

எல்லாம் ஒன்றுபோல் அல்ல. எரித்ரிட்டால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் தொல்லை குறைவு. மால்டிட்டாலும் சார்பிட்டாலும்தான் அதிகம் படுத்துகின்றன.

சின்ன இரைப்பை

ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

ஒரு வகை ஆபரேஷனில் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வகையில், சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். தின்றது வெகு வேகமாகக் குடலுக்கு ஓடிவிடுகிறது.

சர்க்கரை அப்படி ஓடினால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். அதனால்தான் டாக்டர் சர்க்கரையைத் தடுக்கிறார். அதற்குப் பதிலாக வரும் பாலியாலோ பேதியைக் கொண்டுவருகிறது.

மற்றவர்கள் ஒரு செம்பு தண்ணீர் குடித்து ஈடு செய்யலாம். இவர்களால் முடியாது. மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும். அதனால் உடல் விரைவில் வறண்டுவிடும்.

இளைக்க உதவும் என்று நம்புவதும் தவறு. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் மால்டிட்டாலில் ஏறக்குறைய 2 கலோரி இருக்கிறது. அதோடு சேர்ந்த நெய்யும் முந்திரியும் எங்கே போகும்?

எச்சரிக்கை யாருக்கு?

10 சதவீதமோ அதற்கு மேலோ பாலியால் இருந்தால், 'பேதியாகலாம்' என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நல்ல விதிதான்.

ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அல்லது இந்தியில்! மற்ற மொழியிலும் போடலாம் என்கிறது விதி. போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்தத் தாய்க்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பெட்டியின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த இங்கிலீஷ் எச்சரிக்கையால் அவளுக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். அதுவும் முன்பக்கத்தில், 'சர்க்கரை இல்லை' என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "இடம் இல்லை" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். பூப்படம் போட மட்டும் இடம் இருக்கிறதே!

எண்ணைப் பாருங்கள்

விதி மாறும்வரை நாமே விழிப்பாக இருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன? எண் தெரியும் அல்லவா! பல பெட்டிகளில் சேர்மானப் பட்டியலில் எண் போட்டிருப்பார்கள்.

சார்பிட்டால் 420. மானிட்டால் 421. ஐசோமால்ட் 953. மால்டிட்டால் 965. லாக்டிட்டால் 966. சைலிட்டால் 967. எரித்ரிட்டால் 968.

இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாவிட்டால், பெயரைப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புக்கு அட்டையே கிடையாது. என்ன போட்டுச் செய்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். எது ஆகும், எவ்வளவு ஆகும் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. "ஒரு வாய்தானே, எனக்காகச் சாப்பிடு" என்று வற்புறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். ஆபரேஷன் ஆனவரிடம் அது வேண்டாம். அவர் "போதும்" என்றால், போதும் என்று விட்டுவிடுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் காட்டும் அன்பு.