வீட்டுக்கும் மூச்சு முட்டும்

பாலியூரித்தேன் என்ற பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். இந்த நிமிஷம் ஆபீஸில் அநேகமாக அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலி குஷன், பைக் சீட், ஸ்பாஞ்சு மெத்தை எல்லாவற்றின் வயிற்றிலும் இருப்பது அதுதான். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன விஞ்ஞானி கண்டுபிடித்தது. (மாத்திரை கம்பெனியை ஆரம்பித்த பேயருக்கு இவர் சொந்தமில்லை. பெயர் ராசி மட்டும்தான்.)

அதே குடும்பத்துச் சரக்கை, குளிர் தேசங்களில் மெத்தையாகச் செய்யாமல், திரவமாகத் துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் வைத்து வீட்டுக் கூரையின் உள்பக்கம் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஸ்ப்ரே ஃபோம் என்று பெயர். பழைய வீடுகளுக்கு மாட்டிவிடுகிற ஸ்வெட்டர். நல்ல ஸ்வெட்டர்தான். ஆனால், அதை மாட்டிக்கொண்ட பல வீடுகளை இங்கிலாந்தில் இப்போது விற்க முடியாமல் திண்டாடுகிறார்கள். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

* * *

இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முன்னால் கட்டியது. செங்கல் சுவர், ஸ்லேட் கல் கூரை, ஹாலில் ஒரு கணப்பு. கட்டினவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. கணப்பில் கரி எரியும். நெருப்புக்குக் காற்று வேண்டும். ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில், பலகைத் தரையின் சந்து என்று கிடைத்த வழியில் காற்று நுழையும். புகைபோக்கி வழியாக வெளியேறும். போகிற போக்கில் வீட்டிலிருந்த ஈரத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். வீடு சல்லடையாக இருந்தது. அதனாலேயே உலர்ந்தும் இருந்தது.

அப்புறம் கரி போய் காஸ் வந்தது. கூடவே பில்லும் வந்தது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு அந்த பில் ஏறிய ஏற்றம் ஊரறிந்தது. சூடான காற்றுக்கோ மேலே போவதுதான் குணம். எந்தக் காப்பும் இல்லாத வீட்டில் சூட்டில் சுமார் கால் பங்கு கூரை வழியாகவே போய்விடுகிறது. சம்பளத்தில் கால் பங்கை மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் காற்றடிக்கக் காத்திருக்கிற மாதிரி.

இந்த இடத்தில்தான் ஃபோம் ஆசாமி பெல் அடிக்கிறார்.

* * *

அவர் வண்டியில் இரண்டு டிரம் இருக்கும். ஒன்றில் ஐசோசயனேட். இன்னொன்றில் பாலியால், கூட இன்னும் சில மசாலாக்கள். இரண்டும் சூடான ஹோஸ் வழியாக வந்து துப்பாக்கி முனையில் சந்திக்கும். சந்தித்த சில விநாடிகளில், எண்ணெயில் போட்ட அப்பளமாகப் பொங்கி, இடுக்கு சந்து பார்க்காமல் நிரப்பி, இறுகிவிடும். ஒருவகை ஃபோம் சுமார் 100 மடங்கு பொங்கும். அது இட்லி ஜாதி: மெத்து மெத்தென்று திறந்த துளைகள், நீராவி ஊடுருவிப் போகும். இன்னொரு வகை மூடிய துளைகள் உள்ளது. கட்டை மாதிரி இறுகும், நீராவியை அவ்வளவு சுலபத்தில் விடாது. இதில் ஓர் அங்குலம், கண்ணாடிக் கம்பளியில் சுமார் இரண்டு அங்குலத்துக்குச் சமம்.

அடிக்கிறவர் தலை முதல் கால் வரை மூடி, சுவாச முகமூடி மாட்டியிருப்பார். வீட்டுக்காரர்களைக் குறைந்தது ஒரு நாளாவது வெளியே அனுப்பிவிட வேண்டும். இறுகாத ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக்கூடிய சரக்கு. கலவை விகிதம் பிசகினால் மாதக்கணக்கில் மீன் வாடை அடிப்பதும் உண்டு. சைவக் குடும்பம் என்றால் கூடுதல் சங்கடம்.

* * *

எங்கள் குடும்பத்தில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான். ஆகவே உலகத்தின் எந்த மூலையில் எந்த உறவினர் பணம் செலவழித்தாலும் எனக்குப் போன் வரும். போன குளிர் காலத்தில் பெரியம்மா பையன் லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து கூப்பிட்டான். நூறு வருஷத்துக்கு மேலான வரிசை வீடு அவனுடையது. அதை விற்றுவிட்டு ஊரில் வந்து செட்டில் ஆவது அவன் திட்டம். அந்த வீடுதான் அவன் பிராவிடெண்ட் ஃபண்டு.

"டேய், கூரைக்கு ஃபோம் அடிக்கறேன்னு ஒருத்தன் வந்திருக்கான். 4,000 பவுண்டுங்கறான். வருஷம் 300 பவுண்டு மிச்சமாகுமாம். அடிச்சுடவா?"

"4,000-த்தை 300-ஆல வகுத்தா 13 வருஷத்துக்கு மேல ஆகுதேண்ணா. நீங்க எப்ப ஊருக்கு வர்றதா இருக்கீங்க?"

"பத்து வருஷத்துல."

"அப்ப போட்ட காசு உங்களுக்கு வராது. வாங்கறவனுக்குத்தான் வரும்."

"போகட்டும்டா. வீட்டோட விலை ஏறுமில்ல?"

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. விலை ஏறுமா? அதைச் சொல்ல கணக்குப் புத்தகம் போதாது. கொஞ்சம் ஈரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

* * *

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வையுங்கள். வெளிப்பக்கம் வியர்க்கும். உள்ளே இருந்து ஒழுகினதில்லை. காற்றில் இருந்த நீராவி, குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது. 20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் எங்கே போகும்? எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் உட்காரும்.

நாலு பேர் இருக்கிற வீட்டில் சமையல், குளியல், உலர்த்துகிற துணி, விடுகிற மூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. முன்பு அது இடுக்கு வழியாகவும், பரணில் வீசும் காற்றோடும் வெளியேறியது. (அங்கே பரண் என்றால் நம் வீட்டு அண்டா குண்டா பரண் இல்லை. பல வீடுகளில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.) இப்போது கூரையின் உள்பக்கம் ஃபோமால் அடைத்தாகிவிட்டது. எங்காவது ஒரு சின்ன இடைவெளி விட்டுப்போனால் போதும். ஈரக்காற்று அதில் நுழைந்து, ஃபோமுக்குப் பின்னால் சில்லென்று இருக்கும் கைமரத்தைத் தொடும். டம்ளர் கதைதான். டம்ளரைத் துடைக்கலாம். கைமரத்தை யார் போய்த் துடைப்பது? அங்கே காற்றும் இல்லை. மரம் மெல்ல உளுக்கும். மேலே ஒரு ஸ்லேட் உடைந்து மழைத் தண்ணீர் இறங்கினாலும் ஃபோம் அதை மறைத்து வைத்துக்கொள்ளும், தப்பு செய்த பையனுக்குப் பாட்டி பரிந்துகொண்டு நிற்கிற மாதிரி.

எல்லாக் கூரையும் உளுத்துவிட்டதா? இல்லை. ஒழுங்காகக் கணக்குப் போட்டு அடித்த கூரைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வீட்டை விற்கிறபோது, வாங்குகிறவருக்குக் கடன் தரும் வங்கி ஒரு சர்வேயரை அனுப்பும். அவர் டார்ச்சோடு பரணில் ஏறிப் பார்த்தால் மரமே தெரியாது. மஞ்சளாக ஃபோம் மட்டும் தெரியும். மரம் கெட்டியா, உளுத்ததா என்று அவரால் எழுதித் தர முடியாது. எழுதித் தராவிட்டால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் வாங்க ஆள் இல்லை. நன்றாக அடித்தவரும் மோசமாக அடித்தவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

2024-ல் பி.பி.சி. விசாரித்தபோது, பிரிட்டனின் பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் கால்வாசி, கூரையில் ஸ்ப்ரே ஃபோம் இருந்தால் கடன் தருவதில்லை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் சுமார் 2,50,000. 2020 செப்டம்பரில் அரசாங்கமே வீட்டுக் காப்புக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு, பொதுவாக 5,000 பவுண்டு வரை. அந்த மானியத்தில் ஃபோம் அடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் திட்டம் மூடப்பட்டது. ஃபோம் மூடப்படவில்லை, ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகிறது. ஆகவே இப்போது "உங்கள் கூரை ஆபத்தில் இருக்கிறது, ஃபோமை எடுத்துத் தருகிறோம்" என்று போன் பண்ண ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பூசுவதற்கு ஒருவர், சுரண்டுவதற்கு ஒருவர். சுரண்டல் என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமான தொழில் வேறில்லை.

* * *

இந்தக் கூத்து ஒருமுறை கனடாவிலும் நடந்திருக்கிறது. 1970-களில் பெட்ரோல் நெருக்கடி வந்ததும் அரசாங்கம் மானியம் கொடுத்து, பழைய வீடுகளைக் காப்பிடச் சொன்னது. அப்போது பல வீட்டுச் சுவர்களுக்குள் வேறு ஒரு ஃபோமைச் செலுத்தினார்கள். யூரியா ஃபார்மால்டிஹைடு ஃபோம். பார்க்க ஷேவிங் க்ரீம் மாதிரி இருக்கும். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வருகிறது, கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று புகார்கள். 1980 டிசம்பரில் தடை. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளில் செலுத்தியாகிவிட்டது. வீட்டு விலைகள் சரிந்தன. கியூபெக்கில் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, விசாரணை வருஷக்கணக்கில் நடந்து, 1991-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

வருஷங்கள் கழித்து அளந்து பார்த்தால், அந்த வீடுகளில் வாயு மற்ற வீடுகளைவிட அதிகம் இல்லை. எப்போதோ பறந்து போய்விட்டது. ஆனால் ஒன்டாரியோவில் வீடு விற்கிற ஒப்பந்தப் படிவத்தில் அந்த ஃபோமைப் பற்றி ஒரு ஷரத்து ஏறியது. வாயு போன பிறகும் அந்த ஷரத்து போகவில்லை. பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. தொட்டுப் பார்க்க முடியாத சொத்து. தொட்டுப் பார்க்க முடியாத கடனும் உண்டு என்பதை ஒன்டாரியோவில் போய்ப் படிக்க வேண்டும்.

* * *

அதற்காக ஃபோமை வில்லனாக்க வேண்டாம். கனடா, அமெரிக்காவின் கடுங்குளிர்ப் பிரதேசங்களில், அஸ்திவாரச் சுவர்மேல் மரச் சட்டம் உட்காரும் ஓரத்தில் எத்தனை கம்பளி திணித்தாலும் காற்று நுழையும். அங்கே மூடிய துளை ஃபோம் பிரமாதமாக வேலை செய்கிறது. முழுக் கூரைக்கு அடித்தாலும், ஈரம் எந்த வழியாகப் போகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, இயந்திரக் காற்றோட்டமும் வைத்தால் சரிதான். வரிசைதான் முக்கியம்: முதலில் ஒழுகலை அடை. அடுத்து சமையலறை, குளியலறைக்கு வெளியேற்றும் ஃபேன். அப்புறம்தான் ஸ்வெட்டர். பழைய இங்கிலாந்து வீட்டுக்குப் பரண் தரையில் 270 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி விரித்து, இறவாரத்தில் காற்று வரும் வழியை அடைக்காமல் விட்டால், பெரும்பாலும் போதும். சர்வேயர் வந்தால் மரமும் தெரியும், கம்பளியும் தெரியும். பெரியம்மா பையன் அதைத்தான் செய்தான்.

உங்கள் சிநேகிதர்களும் மச்சான்களும் லண்டனிலோ டொரன்டோவிலோ பழைய வீடு வாங்கியிருப்பார்கள். ஃபோம் ஆசாமி பெல் அடித்தால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் வீட்டில் ஒரு நாளைக்கு உண்டாகும் 10 லிட்டர் தண்ணீர் இனி எந்த வழியாக வெளியே போகும்? நீங்கள் அடித்த பிறகு மரத்தின் நிலைமையை நான் எப்படிப் பார்ப்பது? இந்தக் கூரை இருக்கிற வீட்டுக்கு என் வங்கி கடன் தருமா, எழுத்தில் வாங்கிவிடலாமா?

முதல் கேள்விக்கு அவர் சிரிப்பார். இரண்டாவதற்குக் கைக்குட்டையை எடுப்பார். மூன்றாவதற்கு வாட்சைப் பார்த்துவிட்டு, "வேறு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது" என்பார். வாசல் வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு, கதவுக்கு அடியில் காற்று வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை அடைக்கிற ரப்பர் பட்டை ரொம்ப மலிவு.