ஓடுவது மிஷின், பழி யார் தலையில்?



தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போனவர்களில் பலர், பூமிக்கடியில் ஓடும் வடகிழக்கு ரயிலில் ஏறியிருப்பீர்கள். 2003 ஜூன் 20-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் பொங்கோல் வரை அதுவாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். முன்னாளில் பன்றிப் பண்ணைகள் இருந்த அந்தப் பொங்கோலில், தானாக ஓடும் சிறு பஸ்களைச் சாலையில் விடப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 2025-ல் அறிவித்தது. தொடக்கத்தில் வண்டிக்குள் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் இருப்பார் என்பது ஏற்பாடு.

"மிஷின்தானே ஓட்டுது, பக்கத்துல சும்மா உட்கார ஒரு ஆளா?" என்று சிலர் கேட்கலாம். அது சும்மா உட்காரும் வேலையல்ல.

பால் வெட்டுகிறவர் பட்டையைப் பார்க்காமல் கத்தியை இழுப்பதில்லை. கை வேலை செய்தால் கண்ணும் விழித்திருக்கும். ஆனால், தப்பே செய்யாமல் ஓடுகிற மிஷினை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் எங்கோ போய்விடும். மேக்வொர்த் என்ற ஆங்கில ஆய்வாளர் 1948-லேயே இதைச் சோதித்து எழுதினார். அரை மணி நேரத்திலேயே காவல் பார்ப்பவரின் கவனம் குறைந்துவிடுகிறதாம். இது சோம்பலல்ல, மனித இயல்பு.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்ததைக் கேளுங்கள். ஊபர் கம்பெனி சோதனைக்கு விட்ட தானியங்கிக் கார் ஒன்று, இரவில் சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. காரிலிருந்த ஊழியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணை சொன்னது. அது தப்புதான். ஆனால், காருக்கு இரண்டு பேர் இருந்ததை ஒருவராகக் குறைத்தது யார்? கம்பெனி! ஊழியர்களை அது சரியாகக் கவனிக்கவில்லை என்றும் அதே விசாரணை சொன்னது. முடிவில் நீதிமன்றத்தில் நின்றவர் அந்த ஊழியர் மட்டுமே. 2023-ல் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. கம்பெனி மீது குற்ற வழக்கே இல்லை.

மிஷினே வேண்டாம் என்பது நமது வாதமல்ல. வடகிழக்கு ரயிலை நம்பி இருபது வருடத்துக்கும் மேலாக மக்கள் ஏறுகிறார்கள். அதன் பாதையில் குறுக்கே யாரும் நடப்பதில்லை. சாலை அப்படியல்ல, தோட்டமும் அப்படியல்ல. மிஷினை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்று அறிந்து நம்புவதே புத்திசாலித்தனம்.

செம்பனைத் தோட்டங்களுக்கும் மோட்டார் கத்தி வந்துவிட்டது, மருந்தடிக்கும் டிரோன் வந்துவிட்டது. நாளை இன்னும் வரும். "மிஷின் பார்த்துக்கும், ஒரு ஆளு போதும்" என்று பெரட்டில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை எழுப்புங்கள். பழக்கிக் கொடுப்பது யார்? காவல் பார்க்கிறவருக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை ஓய்வு? மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் மிஷினை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? நிறுத்தினால் சம்பளம் வெட்டுவார்களா?

நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்காமல் பழியை மட்டும் சுமத்துவது நியாயமல்ல. இதற்கான பதிலை, மிஷின் தோட்டத்துக்குள் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.