பெற்ற தாய்க்கே அனுமதி இல்லாத மலை... ஒரே நாளில் கோயாசான் போய் வரலாமா?

ஜப்பான் டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் ஒசாகா கோட்டை இருக்கும், நாரா மான்கள் இருக்கும். கோயாசான் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், 'மலை மேல் இருக்கிறதே, ஒரே நாளில் முடியுமா?' என்ற கேள்வியோடு நின்றுவிடும். முடியும். காலை 7 மணிவாக்கில் ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி என்ன அவசரம்? மலை மேல் ஒருவருக்குக் காலை 10.30 மணிக்குச் சாப்பாடு போகும். அவர் 835-ம் ஆண்டு முதல் அங்கே தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது நம்பிக்கை. பெயர் கூகாய். ஜப்பானியர்களுக்கு கோபோ தாய்ஷி. ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவியவர். 816-ல் பேரரசரிடம் அனுமதி வாங்கி, சுமார் 800 மீட்டர் உயரத்தில் இந்த மலை ஊரை உருவாக்கினார். இன்று இங்கே 117 கோயில்கள். அவர் இறக்கவில்லை என்று நம்புவதால், காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் துறவிகள் மரப்பெட்டியில் உணவு சுமந்து செல்கிறார்கள். தினமும்.

நம்பாவிலிருந்து நான்காய் ரயில். லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்றால் சுமார் 80 நிமிடத்தில் கோகுராகுபாஷி. அதற்கு சீட் ரிசர்வ் செய்ய வேண்டும், நாளுக்குச் சில ரயில்கள்தான். சாதாரண எக்ஸ்பிரஸில் ஹாஷிமோட்டோவில் மாற வேண்டியிருக்கும். கையில் ஜே.ஆர். பாஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, இந்த ரயிலில் அது செல்லாது. ரயில், கேபிள் கார், மலை மேல் பஸ் மூன்றுக்கும் சேர்த்து நான்காய் விற்கும் கோயாசான் டிக்கெட்டை வாங்கிக்கொள்வது நல்லது. கோகுராகுபாஷியில் இறங்கினால் செங்குத்தான கேபிள் கார், 5 நிமிடம். மேலே போனதும் பஸ். அந்த ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்துபோக அனுமதி கிடையாது.

பஸ்ஸில் நேராக இச்சினோஹாஷி நிறுத்தம். அங்கிருந்து கூகாயின் சமாதி இருக்கும் ஒக்குனோயின் வரை 2 கிலோமீட்டர் நடை. வானத்தை மறைக்கும் சீடர் மரங்கள், அவற்றுக்கிடையே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். வாழ்நாளெல்லாம் மோதிக்கொண்ட டகேதா ஷிங்கென், உவேசுகி கென்ஷின் இருவருக்கும் இங்கே எதிரெதிரே நினைவிடம். பல கல்லறைகள் ஐந்து கற்களை அடுக்கியது போல இருக்கும். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். நம் பஞ்சபூதம்தான். இங்கே நடக்கும் 'கோமா' சடங்கும் நம் ஹோமம்தான். கூகாயுடைய குருவின் குருவுக்குக் குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சீனா போனவர். காஞ்சிபுரத்தோடு அவரைச் சேர்த்துச் சொல்வார்கள்.

கோபியோபாஷி பாலத்தைத் தாண்டினால் போட்டோ எடுக்கக் கூடாது. தொப்பியையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே விளக்கு மண்டபம். அணையாமல் எரியும் பழைய விளக்குகளில் ஒன்று, ஓர் ஏழைப் பெண் தன் கூந்தலை விற்று, இறந்த பெற்றோருக்காக ஏற்றியதாம். அந்த விளக்கு உள்ளே வந்தது. பெண்கள் வர முடியவில்லை. இந்த மலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்குத் தடை இருந்தது. கூகாயைப் பார்க்க வந்த அவருடைய அம்மாவும் அடிவாரத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. மகன் மாதத்துக்கு ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்ததால் அந்த ஊருக்குக் குதோயாமா, அதாவது 'ஒன்பது முறை மலை' என்று பெயர் வந்ததாகக் கதை. வரும் ரயில் அந்த ஊரைக் கடந்துதான் வருகிறது. அரசு 1872-ல் தடையை நீக்கியது. மலை முழுமையாகத் திறக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது நாகானோஹாஷி பக்கமாக வரலாம். அங்கே பெரிய நிறுவனங்களின் நினைவிடங்கள். ராக்கெட் வடிவில் ஒன்று இருக்கிறது. பூச்சி ஒழிப்புக்காரர்கள், தாங்கள் கொன்ற கரையான்களுக்காக எழுப்பியதும் இருக்கிறது! முழங்கால் வலி உள்ள பெரியவர்களுடன் வருகிறவர்கள் போகும்போதும் இந்த வழியே போகலாம். தூரம் பாதிதான், பெரும்பாலும் சமதளம்.

மதியச் சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. 'ஷோஜின் ர்யோரி' எனும் கோயில் சாப்பாட்டில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. எள்ளில் செய்யும் கோமாதோஃபுவைத் தவறவிடாதீர்கள். சாதாரண ஹோட்டலில் மட்டும் 'மீன் சாறு உண்டா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

பிற்பகலுக்கு இரண்டு இடம் போதும். தலைமைக் கோயிலான கோங்கோபுஜியில் 140 பாறைகளை வைத்து அமைத்த பெரிய கல் தோட்டம். இந்தக் கோயில் 1593-ல் ஹிதேயோஷி தன் இறந்த தாயின் நினைவாகக் கட்டியது. அந்தத் தாய் உயிரோடு வந்திருந்தால் மலைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்! அடுத்து, நடந்துபோகும் தூரத்தில் தாஞ்சோ காரான். அங்கே ஏறக்குறைய 48 மீட்டர் உயரச் செந்நிறக் கோபுரம். மியூசியம், தாய்மோன் வாசல் எல்லாம் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. மாலை 5 மணிக்கு எல்லாம் மூடிவிடும், கடைசி நுழைவு அதற்கும் முன்னால். அவையும் வேண்டும் என்றால் இரவு கோயிலிலேயே தங்கலாம், சுமார் 50 கோயில்களில் அறை கிடைக்கும்.

ஒசாகாவில் வெயில் அடித்தாலும் மேலே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். சின்னக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் பஸ்ஸில் ந்யோனின்தோ நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். தடை இருந்த காலத்தில் பெண்கள் இங்கே வரைதான் வர முடியும். மலையின் ஏழு வாசல்களிலும் இப்படி ஒரு பெண்கள் மண்டபம் இருந்தது, மிஞ்சியது இது மட்டும்தான். சின்ன மண்டபம், பத்து நிமிடம் போதும். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடக்க முடியாது.