அடி விழுகிறது, சத்தம் எங்கே?

மேடையில் கிதாரும் பறையும் பக்கம்பக்கமாகத்தான் நிற்கின்றன. வீடியோவாக வெளிவரும்போது மட்டும் ஒன்று முன்னுக்கும் இன்னொன்று பின்னுக்கும் போய்விடுவது எப்படி? நம் பிள்ளைகள் எடுக்கிற நிகழ்ச்சிப் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறவன் என்கிற முறையில் கேட்கிறேன். 'இது டெக்னிக்கல் சமாச்சாரம், இதுல என்ன அரசியல்'னு சொல்கிற தோழர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கானா, பறை, கிதார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. சிறிய கூட்டங்களில் நம் மாணவர்களும் இப்போது அப்படி இறங்குகிறார்கள். சந்தோஷம். ஆனால் சத்தம் போகிற பாதையைக் கவனியுங்கள். கிதாரின் ஒலி வயர் வழியாக நேரே மிக்சருக்குப் போகிறது. பாடுகிறவருக்கு மைக். பறைக்கு? 'அதுக்கு எதுக்குங்க மைக், அதுவே தெருமுனை வரைக்கும் கேட்குமே' என்கிறார் மைக்செட்காரர். அரங்கத்துக்குள் அவர் சொல்வது சரிதான். ராத்திரி நம் பையன் மிக்சரில் பதிவானதைப் பென்டிரைவில் வாங்கிவந்து படத்தோடு ஒட்டுகிறான். கிதாரின் ஒவ்வொரு கம்பியும் சுத்தமாகக் கேட்கிறது. பறையோ, பாடகரின் மைக்கில் தப்பித்தவறி நுழைந்த அளவுக்கு, அடுத்த வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. கை ஓங்குகிறது, அடி விழுகிறது, சத்தம் இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. சாதியும் முக்கால்வாசி நேரம் திட்டம் போட்டா நடக்கிறது?

பறைக்குத் தனி மைக் வையுங்கள். முடியாவிட்டால் இன்னொரு செல்போனையாவது பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். செல்போனின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு முதல் அடியிலேயே மிரண்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும், அடி நின்றதும் கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கும். அதை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிட்டு, அளவைக் கையால் குறையுங்கள். தோலைத் தீயில் காய்ச்சி முடித்த பிறகு அளவு பாருங்கள். காயாத தோலுக்கு வைத்தது காய்ந்த தோலிடம் நிற்காது.

அடுத்து இணைப்பு. சினிமாக்காரருக்குக் கிளாப் பலகை வேண்டும். நமக்குப் பறையே போதும். எல்லாக் கருவியும் ஓடத் தொடங்கியதும் ஒரே ஒரு அடி, அலைவடிவம் திரையில் கத்தி மாதிரி எழுந்து நிற்கும். ஆனால் அதை மட்டும் நம்பி ஒட்டிவிடாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. காமிரா 34 மீட்டர் பின்னால் நின்றால் அதற்குச் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் இரண்டரை ஃபிரேம். காமிராவின் ஒலியோடு மிக்சரின் ஒலியைக் கணினி பொருத்தும்போது அந்தத் தாமதமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். குச்சி தோலைத் தொடுகிற ஃபிரேமைக் கண்ணால் தேடிப் பிடியுங்கள், ஒலியை அங்கே கொண்டுபோய் வையுங்கள். கிதாரில் இரண்டு ஃபிரேம் தள்ளினால் பாதிப்பேருக்குத் தெரியாது. பறையில் ஓங்கி இறங்குகிற கை காட்டிக்கொடுத்துவிடும். வங்கிக் கவுன்டரில் ரொக்கமும் கணக்கும் ஒத்துப்போகாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது, அந்தப் பிடிவாதம் இங்கேயும் வேணும்.

இந்த வேலைக்குச் சோம்பிப்போய் சிலர் அசல் சத்தத்தையே தூக்கிப்போட்டுவிட்டு, கீபோர்டில் இருக்கும் பறைச் சத்தத்தை மேலே பூசுகிறார்கள். இதை ஏற்கவே முடியாது. ஊருக்கு ஊர், கைக்குக் கை அடி மாறும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதே தோலைக் கலகத்தின் கருவியாக எடுத்தவர்களின் கைக்கு யாருடைய சத்தத்தையோ கொடுப்பதற்குப் பெயர் என்ன? 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. நல்லது. நம் சொந்தப் படத்திலேயே கிதார்க்காரரின் விரலுக்குக் குளோசப்பும் பெயரும், பறைக்குத் தூரக்காட்சியும் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லும்தானா? இடது கையில் சிம்புக்குச்சி துடிப்பதைக் கிட்டப்போய் எடுத்துப் பாருங்கள், கிதார் விரலுக்குச் சளைத்ததில்லை.

வருகிற ஏப்ரல் 14-க்குக் காமிராவோடு கிளம்புகிற தோழர்கள் மைக்செட்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: 'அண்ணே, பறைக்கு ஒரு சேனல் தனியா வேணும்.'